நெமிலிச்சேரியில் பாதியில் நின்ற பாட்டு

போன மாதம் டிரம்ஸ் அந்தோணி இறந்துபோனார். அவருடைய முப்பதாம் நாள் ஜெபத்துக்காகக் கடந்த ஞாயிறு நெமிலிச்சேரி போனேன். சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லாத ஊருக்கு எதற்குப் பயணக் கட்டுரை என்பீர்கள். அவர் வாசித்த ‘நாலு ஊர்’ ராக் குழுவைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சென்ட்ரலில் திருவள்ளூர் வண்டி, டிக்கெட் பத்து ரூபாய், சுமார் ஒரு மணி நேரம். ஆவடி தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். இறங்கி ஓர் ஆட்டோக்காரரிடம் வீட்டை விசாரித்தேன்.

“டிரம்ஸ் அண்ணாத்தே ஊடா? தண்டவாளத்த ஒட்டிக்கினே போ சார், ரெண்டு நிமிசம். இதுக்கு இன்னாத்துக்கு ஆட்டோ?”

சவாரி வேண்டாமென்ற ஆட்டோக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வாலிப வயதில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, பட்டாபிராம் என்று ஊருக்கொரு ராக் பேண்ட் இருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்த பெரிய கை கழன்று வந்து சேர்ந்ததுதான் ‘நாலு ஊர்’. விட்டுப்போன பேண்டுகளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். நால்வரில் யாரும் யாருக்காகவும் சத்தத்தைக் குறைக்க மாட்டார்கள். ஆவடி சேகரின் கிடாரும் பூந்தமல்லி டேவிட்டின் குரலும் முட்டிக்கொள்ளும், அடியில் அம்பத்தூர் பாபுவின் பேஸ் கிடார் உறுமும். அவர்கள் அடங்கியது ரயிலுக்கு மட்டும்தான். ஒத்திகை, பட்டாபிராம் பேண்டிலிருந்து வந்த அந்தோணியின் தண்டவாளத்தோர வீட்டில். ரயில் வந்தால் மூவரும் நிறுத்துவார்கள், அந்தோணி மட்டும் டிரம் விளிம்பில் குச்சியால் தட்டித் தாளத்தைப் பிடித்திருப்பார். வண்டி போனதும் அவர் ஓங்கி ஓர் அடி போட, மூவரும் ஒன்றாகப் பாய்வார்கள். பிறகு ரயிலே இல்லாத மேடைகளிலும் அந்த இடைவெளி வந்தது. நாங்கள் அதற்காகவே காத்திருந்து கத்துவோம்.

இரண்டே வருடத்தில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். மறுபடி சேர்ந்து ஒரு பாட்டையாவது முழுசாக வாசிக்க வேண்டும் என்பது அந்தோணியின் கடைசி ஆசை. அவர் மனைவி செலின் அக்கா அதைச் சொல்லி அழைத்ததால்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் வாசித்தார்கள். நரைத்த தலைகள், தடுமாறும் விரல்கள், ஆனாலும் அதே முட்டல். பாதிப் பாட்டில் ரயில் வந்தது. பழக்கதோஷம், மூவரும் நிறுத்தினார்கள். வண்டி போயிற்று. யாரும் தொடங்கவில்லை. மூலையில் துணி போர்த்தியிருந்த டிரம்ஸையே மூவரும் பார்த்தார்கள்.

சமையலறையிலிருந்து செலின் அக்கா குரல் கொடுத்தார்.

“இன்னா, நிறுத்திட்டீங்கோ? வண்டிதான் பூட்ச்சே!”

பாபு பேஸைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். செலின் அக்கா டீ கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. டிரம்ஸை அவர் விற்கவில்லை, பார்க்கலாம். ஆனால் தட்டிப் பார்க்காதீர்கள். கிளம்பும்போது நான் தெரியாத்தனமாக விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். தட்டியது நான்தான் என்று பார்த்ததும், கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.