நான் படிக்காத நான்கு பக்கங்கள்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போவது பற்றிய விசா விதிகள் மாறிய சமயம் அது. நான் கடுகண்ணாவையில் இருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சில வருடங்கள் முன்னால் இங்கிலாந்தில் ஒரு வருடம் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். அப்போது என் கணவரும் அங்கே என்னோடு இருந்தார். நான் படித்த ஊரில் இருந்து லண்டனுக்கு ரயிலில் மூன்று மணித்தியாலம் போக வேண்டும். ஆனாலும் எங்கள் தெருவில் எனக்கு ‘லண்டன் மிஸ்’ என்றுதான் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். யாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும், எதை முதலில் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். என் பழைய விண்ணப்பப் பத்திரங்களின் பிரதிகள் அலுமாரியில் ஒரு கோப்பில் இருந்தன. அதை எடுத்து மேசையில் வைத்தால் எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும்.

அப்படி வந்தவர்தான், இங்கிலாந்தில் முதுமாணி படிக்க ஆசைப்பட்ட, திகனவைச் சேர்ந்த ஒரு பெண். அங்கே ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்தார். கணவர் அதே ஊரில் ஒரு ஹாட்வெயார் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்த்தவர். ஐந்து வயதில் ஒரு மகள். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி, மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். நாங்கள் பத்திரங்களை நிரப்பும்போது அந்தக் குட்டி என் பக்கத்தில் நின்று, அங்கே காகம் இருக்குமா, மழை பெய்தால் பள்ளிக்கூடம் விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாக் கேள்விக்கும் நான் பதில் சொன்னேன்.

தாய் என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான். குடும்பத்தோடு போகலாமா?

“தாராளமா போகலாம். நானே அவரைக் கூட்டிக்கிட்டுத்தானே போனேன்” என்றேன்.

அது மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கணவர் இப்போதே கடையில் சொல்லிவிடுவது நல்லது, கடைசி நேரத்தில் சொன்னால் முதலாளி கோபப்படுவார் என்று யோசனையும் சொன்னேன். கணவர் அடுத்த வாரமே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் மகளைக் கூட்டிவராமல் தனியாக வந்தார். கையில் அச்செடுத்த நான்கு தாள்கள். இங்கிலாந்து அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்து எடுத்தது. சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“ரெண்டு தரம் வாசிச்சேன் மிஸ். எனக்கு வெளங்கினது பிழையோ தெரியா. நீங்க ஒருக்கா வாசிச்சுப் பாருங்களே.”

நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். “இது வேற ஆக்களுக்கு. நான் போயிட்டு வந்தவ, எனக்குத் தெரியாதா?” என்று தாள்களைத் திருப்பி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் மருந்து கொடுக்கிற பழக்கம் அவருக்கு. அதனால்தான் இதையும் தேடி வாசித்தேன் என்று கூச்சத்தோடு சொன்னார். பிறகு, “நீங்க கடைசியா எப்ப இத வாசிச்சீங்க மிஸ்?” என்று கேட்டார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. அறிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட கேள்வி. யோசித்துப் பார்த்தால், திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கத்தை ஒருநாளும் நான் திறந்ததே இல்லை. என்னிடம் இருந்தது என் கோப்பு மட்டும்தான்.

கையில் இருந்த தாள்களை வாசித்தேன். கஷ்டமான ஒரு சொல்கூட அதில் இல்லை. வகுப்பில் பாடம் கேட்டுப் படிக்கிற முதுமாணிப் படிப்புக்குப் போகிறவர்கள் இனிமேல் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. எந்தத் திகதிக்குப் பிறகு தொடங்கும் படிப்புகளுக்கு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. அவர் தெரிந்தெடுத்த படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்காவது ஓர் ஓட்டை இருக்காதா என்று மூன்று தரம் வாசித்தேன். இருபது வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறவள் நான்.

வாய் சும்மா இருக்கவில்லை. “ஒரு வருஷம்தானே, நீங்க மட்டும் போயிட்டு வந்துருங்களேன்” என்றேன்.

“அப்ப மகள் ஒரு வருஷம் என்னை போன்லதான் பாக்கோணுமா?”

தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய், கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கடிதம் கொடுத்துவிட்ட அந்த மனிதரின் பதினொரு வருடம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

தேநீரோடு திரும்பி வந்தபோது அவர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவரோ மூன்றாவது தாளில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். “இதுல ஆராய்ச்சிப் படிப்புக்குப் போறவங்களுக்கு மட்டும் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாம்ண்டு இரிக்கி. அது என்ன மாதிரிப் படிப்பு மிஸ்? யாருக்கு அது கிடைக்கும்?”

எனக்குச் சரியாகத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். என் கோப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு சொல்லை இணையத்தில் தேடினால் அது இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோனது. அங்கே வேறொரு கேள்வி முளைத்தது. இருவரும் பகல் சாப்பாட்டையே மறந்துவிட்டோம். ஆராய்ச்சிப் படிப்பென்றால் முதலில் நமக்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்தக் கேள்வியில் அக்கறையுள்ள பேராசிரியர் ஒருவரும் கிடைக்க வேண்டும் என்று மெல்ல விளங்கியது.

“உங்ககிட்ட அப்படி ஏதாவது கேள்வி இருக்கா?” என்று கேட்டேன்.

பாமசியில் தினமும் பார்ப்பதைச் சொன்னார். கிருமிக்குக் கொடுக்கிற மருந்தை ஐந்து நாளைக்கு என்று வாங்கிப் போகிறவர்களில் பலர், காய்ச்சல் விட்டதும் இரண்டு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அதே காய்ச்சல் வருத்தத்தோடு திரும்பி வருகிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு, சொல்லும் காரணங்களை நான்கு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாராம். யாரும் சொல்லி எழுதியதில்லை. அவருக்கு அறிய வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

இத்தனை சனிக்கிழமைகள் என் வீட்டுக்கு வந்தவரிடம், நீங்கள் எதை அறிய ஆசைப்படுகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் திகன பஸ்ஸில் ஏறினேன். அந்த ஹாட்வெயார் கடை முதலாளியிடம், பிழை என்னுடையது, அவருடைய கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கணவர் பெயின்ட் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்தார்.

“இவர் போனா இந்தக் கடையில எந்தச் சாமான் எங்க இரிக்கிண்டு எனக்கே தெரியா டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே அதைக் கிழித்தார். கணவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு நடந்தது சுலபமாக இல்லை. அந்தப் பெண் எழுதிக் கேட்ட பேராசிரியர்களில் பலர் பதிலே போடவில்லை. இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் அந்தக் கொப்பியைப் பற்றி நிறையக் கேள்விகள் கேட்டு எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு விரிவுரையாளர், கொப்பியில் இருந்ததை முறையாகத் தொகுக்கச் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் முடிய ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஆராய்ச்சி மாணவியாகவே போனார். கணவரும் மகளும் கூடவே போனார்கள்.

இப்போதும் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இதற்கிடையில் விதிகள் மறுபடியும் மாறிவிட்டன. வேறு நாடுகளிலும் மாறுகின்றன. வந்தவர்களை உட்கார வைத்து, அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கத்தை அவர்களோடு சேர்ந்தே திறக்கிறேன். நான் போய் வந்த கதையைக் கேட்டால் சொல்கிறேன். அது என் காலத்துக் கதை என்றும் சொல்லிவிடுகிறேன். “எனக்குத் தெரியாது, வாங்க சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்ல முன்பெல்லாம் வெட்கப்படுவேன். இன்றைக்கு என்னை நம்பி வருகிறவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய மிக நேர்மையான பதிலாக அதைத்தான் நினைக்கிறேன்.