பொரி தின்ற குளம்

எனக்குப் பாசி என்றாலே ஆகாது. அனல் மின் நிலையத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது சக்களத்தி மாதிரி. தண்ணீரைக் குளிரவைக்கும் கூலிங் டவரில் லேசாகப் பச்சை தெரிந்தாலும் அன்றைய ஷிப்ட் முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளைக் காலை நடையில் வழிமறித்து, "மேடம், நம்ம குளம் இப்படிப் பச்சையா போச்சே, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நம்ம குளம் என்பது எங்கள் பிளாக்குக்கு எதிரே, பூங்காவின் நடுவில் இருந்த நீரூற்றுக் குளம். பார்க்கப்போனால் வட்டமான சிமென்ட் தொட்டிதான். ஆனால் டவுன்ஷிப்பில் யாரும் அதைத் தொட்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள், சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள். 'தானே' புயல் அந்த மரங்களை ஒன்றுவிடாமல் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்து வந்த கோடையில் வெயில் நேராகக் குளத்தில் விழுந்தது. சித்திரை பிறப்பதற்குள் தண்ணீர் கீரை மசியல் நிறத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு செக்‌ஷன், செக்‌ஷனுக்கொரு வைத்தியம். சிவில்காரர் ஒருவர் அடியில் நீல பெயின்ட் அடிக்கலாம் என்றார். என் சகாக்கள் குளோரின் என்றார்கள். "கூலிங் டவர்ல மீன் இருக்கா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தேன். நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இறைப்பதுதான். சுரங்கத்தில் தண்ணீர் புகாமலிருக்க இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுகிற ஊரில் தண்ணீருக்கா பஞ்சம்? மோட்டார் போட்டு இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார்கள். சில நாள் கண்ணாடியாக இருந்தது, பிறகு பழைய கீரை மசியல். மறுபடி இறைத்தார்கள். மறுபடி மசியல்.

ஆடி முடிவதற்குள் தெளியாவிட்டால் குளத்தை மண் கொட்டி மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொசுவுக்குப் பயந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். முகம் செத்துப்போனவர் பாய் ஒருவர்தான். நெல்லிக்குப்பத்துக்காரர், பூங்கா கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டிருந்தார். கடலையும் முறுக்கும் வைத்திருந்தாலும் அவருக்கு ஓடியது பொரி வியாபாரம்தான். சனிக்கிழமை மீனுக்குப் பொரி போடு என்று ஜோசியர் சொல்லி வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறவர்கள், எல்லாருக்கும் அவரிடம்தான் பொட்டலம்.

"கொளத்த மூடிட்டா நான் எங்க மேடம் போவேன்? பொண்ணுங்க படிச்சிகினு இருக்குதுங்க" என்றார் என்னிடம். பார்க்கலாம் பாய் என்றேன்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நடைக்கு வருகிற பெண்கள், "ஐயோ பாவம், பசியில துடிக்குதுங்க" என்று உருகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரியையும் சேர்த்துக் கொட்டுவார்கள். அடுத்த முறை குளத்தை இறைத்தபோதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். அடியில் கறுப்பாகச் சேறு. புளித்துப்போன சோற்று வாடை குப்பென்று அடித்தது. குச்சியால் கிளறினால் உள்ளே ஊறி அழுகிய பொரி. ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத்தான் மாற்றியிருக்கிறார்கள், சேறு அப்படியே கிடந்திருக்கிறது. மேலே வெயில், கீழே உரம்; பாசிக்குக் கல்யாணச் சாப்பாடு. மீன்கள் வாயைப் பிளந்தது பசியால் அல்ல; இரவெல்லாம் பாசியும் சேறும் தண்ணீரிலிருந்த பிராணவாயுவை உறிஞ்சிவிட, மூச்சு முட்டி.

பூங்கா சூப்பர்வைசர் நல்ல மனிதர். சேற்றை வழித்தெடுக்கவும், குளத்தின் பாதிக்கு நிழல் வலை கட்டவும் உடனே ஒப்புக்கொண்டார். பொரியை நிறுத்தச் சொல்லி பாயிடம் யார் பேசுவது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரிகள் முன்னால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற எனக்கு, அந்த வண்டி முன்னால் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்ட பிறகுதான் பேச்சே வந்தது.

"பாய், தப்பா நினைக்காதீங்க. பொரியாலதான் குளம் கெடுது."

"எம் பொரியா?"

"உங்க பொரின்னு இல்ல. எல்லாரும் போடுற பொரி."

"எல்லாரும் எங்கிட்டதான மேடம் வாங்கறாங்க?"

மீன்களுக்கு மூச்சு முட்டுவதைச் சொன்னேன். அவர் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கே மனசு கேட்காமல், கொஞ்சமாகப் போடச் சொல்லி விற்கலாமே என்றேன்.

"கையில பொட்டலம் இருந்தா போடத்தான் மேடம் தோணும்" என்றார்.

மறுநாள் வண்டியில் பொரி மூட்டை இல்லை. வண்டிக்கு அடியில் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், குனிந்தே பார்த்தேன். அங்கும் இல்லை. அதோடு விடவில்லை மனிதர். வியாபாரத்தை விட்டுவிட்டுக் குளத்தங்கரைக்கு வந்து நின்றுகொண்டு, வீட்டிலிருந்து பொரி கொண்டுவந்தவர்களையும் மறித்தார். ஒருவர், "பரிகாரத்துக்குப் போடறேன், தடுக்க நீ யாருய்யா?" என்று கத்தினார். "அதுங்களுக்கு மூச்சு முட்டுதுங்க. காலைல வந்து பாருங்க, வாயப் பொளந்துகினு நிக்குதுங்க" என்று இவரும் விடாமல் நின்றார். தன் பிழைப்பையே பறிக்க வந்தவனிடம் நிற்பதுபோல அந்த ஆளோடு மல்லுக்கு நின்றார். ஆனால் அவர் காவல் காத்த அந்தக் குளத்தால்தான் அவர் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது.

ஆடி முடிவதற்குள் தண்ணீர் தெளிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மூட வேண்டாம் என்றார்கள். என் கையைக் குலுக்கினார்கள், நிழல் வலையைப் பாராட்டினார்கள். பாய்தான் காரணம் என்றேன், "யாரு அது?" என்று கேட்டார்கள். காட்டுவதற்கு அவர் அங்கே இல்லை. வண்டியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகள்களோடு பூங்காவுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "கொளத்துல அடி தெரியுது மேடம்!" என்றார், முகமெல்லாம் பூரிப்பு. பஸ் ஸ்டாண்டில் எப்படிப் போகிறது என்றேன். அங்கே ஏற்கெனவே கடலை வண்டிகள் இருக்கின்றன, ஓரமாகத்தான் இடம் கிடைத்தது என்றார். இந்த மனிதர் ஏன் அங்கே போய் ஒதுங்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்கயே வந்துடுங்க பாய். கடலை, முறுக்கு வையுங்க. குளம் தெளிஞ்சு கூட்டம் முன்னைவிட அதிகமா வருது. சூப்பர்வைசர் கிட்ட நான் பேசறேன்."

"வேணாம் மேடம்."

"ஏன்?"

"இங்க வந்தா புள்ளைங்க பொரி கேக்கும். பெரியவங்க கிட்டன்னா சண்ட போட்டுடுவேன். புள்ளைங்க கேட்டா எனக்கு இல்லன்னு சொல்ல வராது. மறுநாளே மூட்டைய எடுத்தாந்து வித்துடுவேன்."

சொல்லிவிட்டு, மீன் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மகளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.