கல்லங்குறிச்சி வீட்டில் நான் அறுத்த கேட்

கலியபெருமாள் அண்ணன் இன்று காலை போய்விட்டார். நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்...

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீடு கட்டிய நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். டைல்ஸ், கிரானைட் வேலை. நான் வெல்டிங். அவர் படிக்கட்டுக்குக் கல் பதிப்பார், நான் அதற்குக் கைப்பிடி வைப்பேன். எத்தனையோ சைட் ஒன்றாகப் பார்த்திருக்கிறோம்.

இரண்டு பேர் கையிலும் ஒரே கட்டிங் மெஷின்தான். மாட்டுகிற பிளேடு மட்டும் வேறு. சாயங்காலம் அவர் தலை, புருவம் எல்லாம் டைல்ஸ் தூள். நான் இரும்புத் தூளில் கருப்பு.

ரெட்டிபாளையம் டீக்கடையில் எங்களைப் பார்த்ததுமே, "வெள்ளையும் கருப்பும் வந்தாச்சு, ரெண்டு டீ போடு" என்பார்கள்.

வாஷ்பேசினுக்காகக் கல்லில் வட்டம் அறுக்கும்போது மட்டும் பேச மாட்டார். நடுவிலிருக்கும் துண்டு கழன்று விழுந்ததும்தான், "ம்... இப்ப சொல்லு" என்பார்.

அந்தச் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டது. பேசினால் கத்துவார். ஒருநாள் அரியலூர் பஸ்ஸில், நல்ல கூட்டம்... "ஏன் தம்பி, மூலத்துக்கு மருந்து சாப்ட்டியா இல்லியா?"

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. இறங்கும்வரை நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

அதெல்லாம் ஒரு வெட்கமா என்று இன்றைக்குத் தோன்றியது.

மதியம் கல்லங்குறிச்சிக்குப் போனேன். சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வாசலில் பந்தல் போட இடமில்லை. மகன் துபாயிலிருந்து நாளைக்குத்தான் வருகிறான். அதுவரை ஐஸ் பெட்டியை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

பெட்டி முன்பக்கக் கேட்டில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள்... ம்ஹூம்.

"எந்தப் பய வச்ச கேட்டுய்யா இது? ஒரு பெட்டி போவல!" அண்ணனுடைய மச்சான் கத்தினார்.

நான் வைத்த கேட்தான். ஏதோ ஒரு வீட்டில் கழற்றிப் போட்டதை அண்ணனே கொண்டுவந்து, "இதையே வச்சிரு தம்பி, நமக்குப் போதும்" என்றார். அதை அங்கே எப்படிச் சொல்வது? உள்ளே அவர் படுத்திருக்கிறார்.

"நான்தாங்க வச்சேன். அறுத்துடுறேன்" என்றேன். கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது.

என் மெஷின் பெரம்பலூரில். அண்ணனுடைய மெஷின் பையை எடுத்து வந்து கொடுத்தார்கள். மெஷினை எடுத்துப் பிளக்கைச் சொருகினேன். என்ன மாட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஆன் செய்துவிட்டேன்.

கிறீச்சென்று ஒரு சத்தம். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கம்பியில் வெறும் கீறல்தான் விழுந்தது.

கல் பிளேடு.

காலமெல்லாம் இரும்பு அறுத்தவன்... கல் பிளேடை வைத்து இரும்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"வேலைக்காரன்தானா இவன்?" பின்னால் யாரோ.

அண்ணி எழுந்து வந்தார். அண்ணன் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார்...

"தம்பி, அது கல்லுக்குப் போடுறதுங்க. இரும்புக்கு உள்ளது அந்தப் பையிலயே தனியா இருக்கும், பாருங்க. நீங்க அவசரத்துக்குக் கேப்பீங்கன்னு வச்சிருப்பாரு."

இருந்தது. பிரிக்காத கட்டிங் வீல். அண்ணி முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாட்டி அறுத்தேன். தீப்பொறி உள்ளே போகாமல் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த மச்சான்தான். கேட்டோடு சட்டத்தையும் எடுத்தோம். பெட்டி உள்ளே போனது. கூடவே எல்லாரும் போனார்கள்.

நான் போகவில்லை.

அறுத்த இடத்தில், சுவரோடு நின்ற இரும்பில் பிசிறு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது யார் கையாவது கிழித்துவிடும். கிரைண்டிங் வீல் மாட்டினால் ஒரு நிமிட வேலை.

சுவிட்சைப் போட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் அரம் வாங்கி, வாசலில் உட்கார்ந்து கையாலேயே ராவினேன். இருட்டும்வரை ஆனது.

அண்ணே... உங்களை உள்ள வச்சுக்கிட்டு வாசல்ல அவ்வளவு சத்தம் போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே.

காலையில வரேன்.