பதிமூன்று விழ வேண்டிய மந்திரம்

கடலூர் செம்மண்டலத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது அன்வரின் அப்பா போன் செய்தார். அவனைப் போலவே நாங்களும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். "நம்ம அன்வர் போயிட்டாம்ப்பா." டெங்குக் காய்ச்சல். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பிரபுவின் முகம்தான் வந்தது. ஏன் என்று அன்வரின் நண்பர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தில் சிதம்பரத்தில் பொறியியல் படித்தபோது அன்வர், பிரபு, நான் மூவரும் ஒரே அறை. அன்வர் ஓர் ஆட்டம் உண்டாக்கினான். அவன் கதை சொல்வான், நான் மந்திரவாதி, பிரபு வாள்வீரன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு லெவல் உண்டு. விளக்கேற்ற மூன்று, காயம் ஆற்ற ஆறு. தாயக்கட்டை இரண்டையும் உருட்டி அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ மந்திரம் பலிக்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம். அதில் விழுவதையும் கூட்டிக்கொள்ளலாம். கடலூர் பழைய நகரத்தில், எங்கள் பேச்சில் ஓ.டி.யில், அவன் வீட்டுப் பெண்கள் தாயம் ஆடும் வழக்கம் அது. பிரபு கட்டையைத் தொடவே மாட்டான். "பொம்பளைங்க ஆட்டம்டா" என்பான். அவனுக்கும் சேர்த்து நான்தான் உருட்டுவேன்.

செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு அன்வர் பதிமூன்று வைத்தான். "இன்னா மச்சான், ஒரு தடவைக்குப் பன்னெண்டுக்கு மேல விழாதே?" என்று கேட்டேன். "செத்தவனை எழுப்ப ஒரு அதிர்ஷ்டம் பத்துமா? மறு ஆட்டமும் கெடைக்கணும்" என்றான். பழிவாங்கும் மந்திரத்துக்கோ வெறும் இரண்டு. ஒன்று விழுந்தாலும் மறு ஆட்டம் உண்டே, அது தவறவே தவறாதே என்றேன். "பழிவாங்கறது இன்னா பெரிய வித்தையா? அது எவனுக்கும் வரும்டா" என்று சிரித்தான்.

படிப்பு முடிந்ததும் பிரபு சென்னைக்குப் போய்விட்டான். அன்வர் ஓ.டி.யில் மாமாவின் செல்போன் கடையில் உட்கார்ந்தான். போன வருஷம் ரிப்பேருக்கு வந்த ஒரு போனில் எங்கள் ஆட்டமே ஒரு போன் விளையாட்டாக இருப்பதைப் பார்த்தான். எல்லா மந்திரமும் அவனுடையது, எல்லா லெவலும் அவனுடையது. உருவாக்கியவர் என்று பிரபுவின் பெயர் மட்டும் இருந்தது. என்னைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினான். அன்வர் விளையாடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "தாயக்கட்டைய எடுத்துட்டு ஆறு பக்கப் பகடை ரெண்டு வச்சிருக்கான். மறு ஆட்டமே இல்ல. ஆனா பதிமூணை அப்படியே உட்டுட்டான். இதுல செத்தவன் செத்தவன்தான் மச்சான்." சிரித்து முடித்து, போனைத் துடைத்தபடி சொன்னான்: "என் பேரையும் ஒரு ஓரமாப் போட்டிருக்கலாம்." அந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடிய இரங்கல் கூட்டத்துக்குப் பிரபுவும் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் விளையாட்டை எப்பவும் பாராட்டுவான் அன்வர்" என்று பேசினான். அத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, அன்வர் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த அவனுடைய பித்தளைத் தாயக்கட்டைகளைப் பிரபுவின் முன்னால் வைத்தேன்.

"உன் விளையாட்டுதானே? செத்தவரை எழுப்ப ஏன் பதிமூணு வச்ச?"

"அது ரொம்பக் கஷ்டமான மந்திரம். அதான் பெரிய நம்பர்."

"ரெண்டு பகடையில பதிமூணு எப்படி விழும்? போட்டுக் காட்டு."

அவன் கட்டையைப் பார்த்தான், அத்தாவைப் பார்த்தான். மறு ஆட்டத்தையும் அன்வர் சொன்ன காரணத்தையும் நான் சபைக்கு விளக்கினேன். "யார் உண்டாக்கினதுன்னு நீயே சொல்லு" என்றேன். "அன்வர்தான்" என்றான். "அத்தாவுக்குக் கேக்கல, சத்தமா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சொன்னான். அத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாவு வீட்டுக் கூட்டத்தில் இப்படியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இன்னொரு முறை வாய்ப்பு வந்தாலும் இதையேதான் செய்வேன்.

அந்தக் கட்டைகளை அத்தா என்னிடமே கொடுத்துவிட்டார். பழிக்கு இரண்டு போதும் என்றானே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், சுலபமாக விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பதிமூன்றுக்கு உருட்டினேன். இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.