நாத்தனார் பெயரில் ஓர் இணைப்பு

கட்டைவிரல் ரேகை எடுக்கும் அந்தக் கருவி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. விரல் வைக்கும் இடத்தில் சிவப்பாக வெளிச்சம் வரும். பட்டாபிராமில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் அதை வைத்துக்கொண்டு, "சரியா விழல மேடம், இன்னொரு தடவை வைங்க" என்றான் இணைய இணைப்பு கொடுக்க வந்தவன். என் நாத்தனார் விரலை நீட்டவில்லை. கையை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தபோது என்னோடு வந்தவை இரண்டு பெட்டிகளும் ஒரு வேலையும். அங்கே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு மலாயிலும் தமிழிலும் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தியாவிலிருந்தே அதைச் செய்யலாம், ஆனால் வீட்டில் ஒயர் வழியாக வரும் இணைப்பு இருக்கவேண்டும், முதல் மாதம் பேச்சு அறுந்து அறுந்து போனால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். புது ஊரில் யாரையும் தெரியாது. அந்த வேலை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

கிள்ளானில் எங்கள் வீட்டு இணைப்பு எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இங்கேதான் முதல்முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தால் உங்கள் தெருவுக்கு இன்னும் லைன் வரவில்லை என்றார்கள். தெருவில் கேபிள் டிவி நடத்துபவர் இணையமும் தருகிறார் என்று கணவர் சொன்னார். அவர் வந்தார். அடையாள அட்டையும் இல்லை, விளம்பரத்தாளும் இல்லை. மாடிக்கு ஏறினார், பக்கத்து வீட்டு மாடியையெல்லாம் நெடுநேரம் பார்த்தார், வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு நானே பேசினேன். கழுத்தில் அட்டையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தவனைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

என் பாஸ்போர்ட்டை வைத்து இணைப்பு தரமுடியாது, உள்ளூர் ஆதார் வேண்டும் என்றான். கணவர் அம்பத்தூரில் தொழிற்சாலையில் இருந்தார். உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் இருந்தது நாத்தனார்தான்.

கணவருக்கு அவர் அக்கா மட்டுமல்ல, பெற்றோர் போன பிறகு அவரைப் படிக்கவைத்தவரும் அவரே. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் பிரிவில் வேலை. யாரையும் எளிதில் நம்பமாட்டார். பால் பாக்கெட்டை அழுத்திப் பார்ப்பார், காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார். நான் வந்த நாளிலிருந்து என்னையும் அப்படித்தான் பார்த்தார். தம்பியை மலேசியாவுக்கு அழைத்துப் போய்விடுவேன் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று ஆதார் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் பெயரில் இருந்தால் என் வேலை இவர் கைக்குள் அல்லவா போய்விடும் என்று நினைத்தேன். கொடுத்ததற்கு அதுதான் காரணம் என்றும் தோன்றியது.

முதல் தடவை விரல் வைத்தார். கருவியோடு இணைத்திருந்த போனைப் பார்த்துவிட்டு, சரியாக விழவில்லை என்று அவன் மறுபடி கேட்டான். அப்போதுதான் கையை மடக்கிக்கொண்டார்.

"அந்த போனைத் திருப்பிக் காட்டு நைனா" என்றார்.

அது ஆபீஸ் ஆப், காட்டக்கூடாது என்று அவன் சிரித்தான். நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாசற்கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். வழியை மறிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவமானமாக இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அவன் கடைசியில் வேண்டாவெறுப்பாகப் போனைத் திருப்பினான். அதில் இணைய இணைப்புக்கான விண்ணப்பம் இல்லை. புது மொபைல் எண்ணுக்கான விண்ணப்பம் இருந்தது. இணைப்போடு சிம் இலவசம் என்று உளறிக்கொண்டே கருவியைப் பையில் போட்டான். நாத்தனார் அவன் முகத்தைத் தன் போனில் படம் எடுத்த பிறகுதான் கதவை விட்டு நகர்ந்தார்.

அன்றே இருவரும் ரயிலேறி ஆவடிக்குப் போனோம். அவன் சொன்ன நிறுவனத்தின் கடையில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, அப்படி யாரும் எங்களிடம் இல்லை, எங்கோ சிம் விற்கிற ஏஜெண்டாக இருக்கும் என்றாள். முதல் தடவை விரல் வைத்தபோதே நாத்தனார் பெயரில் ஓர் எண் உயிர்பெற்றிருந்தது. நல்லவேளை, அதை முடக்க முடிந்தது. நாத்தனாரோடு பேக்கிங்கில் வேலை செய்த ஒருத்தியின் பெயரில் யாரோ இப்படி வாங்கிய எண்ணிலிருந்து ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள். போலீஸ் வேலை இடத்துக்கே வந்து அவளை அழைத்துப்போயிருக்கிறது. அதை ரயிலில்தான் சொன்னார். சொல்லி முடித்ததும், "அவன் நம்பரு உனக்கு யார் குடுத்தது?" என்று கேட்டார். கம்பத்தில் பார்த்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்தக் கம்பத்தைப் போய்ப் பார்த்தார் என்று பின்னால் தெரிந்தது.

கடைசியில் கேபிள்காரர்தான் லைன் இழுத்தார். மாடிகளைப் பார்த்தது ஒயர் எந்த வழியாக வரும் என்று கணக்குப் போடத்தானாம். இந்தத் தடவையும் நாத்தனார் பெயரில்தான். நான் கேட்கவே இல்லை, அவரே அட்டையை எடுத்துவந்தார்.

அந்த முதல் மாதத்தில் ஒருநாள், வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. ஓடிவந்து பார்த்தால் கூடத்தில் நாத்தனார் இணையப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவிட்சின் மேல் கைவைத்து நின்றார். பெட்டி சூடாகிவிட்டது என்றார். தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அன்று வேலை போகாமல் தப்பியது. அதற்குப் பிறகு அவருக்கு விடுமுறை உள்ள நாளெல்லாம் அறைக்கதவைத் திறந்துவைத்தே பேசினேன். என் பேச்சைவிட அவர் காலடி ஓசையில்தான் என் காது இருந்தது.

வேலை நிரந்தரமான பிறகு ஒரு மாலை, இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அக்கா, அன்றைக்கு வேண்டுமென்றுதானே பெட்டியை அணைத்தீர்கள் என்று.

அவர் மறைக்கவில்லை. "ஆமா. கதவ மூடிக்கினு புரியாத பாசைல சிரிச்சி சிரிச்சிப் பேசுற. எந்தம்பிய இட்டுகினு போறதுக்கு ஏற்பாடு நடக்குதுன்னு நெனச்சேன்."

அந்த ஏஜெண்டு விஷயத்திலும் என்னைச் சந்தேகப்பட்டீர்களா என்றேன்.

"பட்டேன். இப்பவும் கொஞ்சம் கீது. அதுக்கின்னா? எம்பேர்லதான ஓடுது, நானு லைனயே கட் பண்ணேனா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. அந்த ஊரில் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர் என்று தோன்றியது. என் சந்தேகத்தையும் சொன்னேன். என் வேலையைக் கைக்குள் வைத்துக்கொள்ளத்தான் அட்டையைக் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அவர் தண்டைக் கிள்ளிப் போட்டபடியே, அதுவும் உண்மைதான் என்றார்.

இப்போது அவர் வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே, கள்ளிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறார். என்னிடமும் இங்குள்ள காகிதங்கள் எல்லாம் வந்துவிட்டன. இணைப்பை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கேபிள்காரர் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். நான் மாற்றவில்லை. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி ஒவ்வொரு மாதமும் அவர் போனுக்குத்தான் போகிறது. அவர் அதை எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிடுவார். நலமா என்றெல்லாம் கேட்கமாட்டார். தம்பி வீட்டில் இருக்கிறானா என்று கேட்பார். இருக்கிறார் என்பேன். "குடு அவன்கிட்ட" என்பார்.