நீச்சல் குளத்தின் முன்னாள் தலைவர்

ஜன்னல் மறைப்பின் இரண்டு பட்டைகளை விரலால் விலக்கித் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்த பிறகுதான் வெர்னா கேசல் காலையில் கதவைத் திறக்கிறாள். செய்தித்தாள் புல்தரையில் கிடக்கும். ஓட்டமும் நடையுமாகப் போய் அதை எடுத்து வருவாள். இறந்துபோன கணவரின் தொப்பி அவள் புருவம்வரை இறங்கியிருக்கும். யாராவது கார் வேகத்தைக் குறைத்தால் போதும், பாதி வழியில் செய்தித்தாளை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அப்படிப்பட்ட நாட்களில் நான் எடுத்துப்போய்க் கொடுப்பேன். எங்கள் வீடுகளுக்கு நடுவே இடுப்பளவு வேலிதான்.

"யாரு?" என்பாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஐரிஸ்தான். வேற யாரு வருவா?"

"வர்றவன் பேரைச் சொல்லிட்டா வருவான்?"

போன கோடைவரை இவளுக்குப் பயம் என்றால் இடி மின்னல் மட்டும்தான். அதுவும் தனக்காக இல்லை. தூரத்தில் உறுமினாலே ஊதலை எடுத்து ஊதி, எங்கள் பேட்டையின் நீச்சல் குளத்திலிருந்து அத்தனை பிள்ளைகளையும் கரையேற்றிவிடுவாள். அந்தக் குளத்துச் சங்கத்துக்கு வெகுகாலம் அவள்தான் தலைவர். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வலியோடு வருகிறவர்களைக்கூட வரிசையில் உட்கார வைத்துவிடும் குரல் அது. தினமும் சுத்தம் பார்க்கக் குளத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். வாயில் எப்போதும் வெண்ணெய் தடவிய உப்பு பிஸ்கட். நுழைவாயிலில் மடக்கு நாற்காலி போட்டு, ஈ அடிக்கும் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஓடாதே, வழுக்கும். உங்க அம்மாவும் இதே இடத்துலதான் பல்லை ஒடச்சிக்கிட்டா" என்பாள். சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

என் கணவருக்கு இதய அறுவை நடந்தபோது தினமும் என்னை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய் விட்டவள் இவள்தான். இதை இங்கே சொல்லாவிட்டால் அவளைச் சரியாகச் சொன்னதாகாது. அடுத்ததைச் சொல்லாவிட்டாலும் ஆகாது.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பின்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த லமார் பிரிட்செட் தன் மகளோடு குளத்துக்கு வந்தார். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் வேலை. கறுப்பினத்தவர். தோளில் துண்டு, கையில் மஞ்சள் வாத்து மிதவை. உறுப்பினர் அட்டையைக் காட்டினார். வெர்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டாள். அதில் பழைய ஊரின் முகவரி இருந்தது.

"இதுல வேற ஊர் போட்டிருக்கே."

"மே மாசம்தாங்க மாறி வந்தோம். அட்டையைக் குடுத்தவர் உங்க சங்கத்து கார்ல் டுசெக். அவரைக் கேட்டுப் பாருங்க."

"கார்ல் ஊர்ல இல்ல. நீங்க வெளியே நில்லுங்க."

அவர் வெளியே போகவில்லை. மகளை நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "பணம் கட்டியிருக்கேன், மேடம். இங்கேயே காத்திருக்கேன்" என்றார். வெர்னா போலீஸை அழைத்தாள். நான் வெயில் காய எண்ணெய் தடவிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன். அவள் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒரு ஆள் போக மாட்டேங்கறான். இங்க குழந்தைங்க இருக்காங்க."

வந்த காவலர் இளைஞர். இடுப்பில் துப்பாக்கி இருந்த பக்கம் கையை வைத்துக்கொண்டே நடந்து வந்தார். குளத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர் வடிகாலில் விழும் ஓசை மட்டும் கேட்டது. அந்தச் சிறுமி அப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அதில் முகத்தைப் புதைத்தாள். காவலர் அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் யாரோ படம் எடுத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மாநிலமே அதைப் பார்த்துவிட்டது.

சங்கக் குழு கூடி வெர்னாவைத் தலைவர் பதவியிலிருந்து விலகச் சொன்னது. விலகினாள். முதல் சில நாட்கள் கோபம்தான். சமையலறையில் பாத்திரங்களை நொறுக்குவதுபோல் கழுவிக்கொண்டே பேசுவாள்.

"என்னைப் போய் நிறவெறி புடிச்சவள்னு எழுதறாங்க, ஐரிஸ். பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்தப்ப பெர்னிஸ் கூட உக்காந்து எத்தனை வருஷம் மதியம் சாப்பிட்டேன் தெரியுமா? அவ கறுப்புப் பொண்ணு இல்லாம என்ன? அவ கல்யாணத்துக்குக் கேக் செஞ்சது யாரு?"

"யாரு இல்லேன்னு சொன்னாங்க?"

"ரூல்னா ரூல். நான் எல்லாரையும்தான் கேப்பேன்."

பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு குரல் அவளுடைய வீட்டு எண்ணை, காரின் நிறத்தை, அவள் தேவாலயத்துக்குப் போகும் நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். வேறொன்றும் சொல்லாது. யாரோ எறிந்த முட்டை கதவில் வழிந்த காலை ஒன்று உண்டு. வெர்னா ஊர்க் கடைக்குப் போவதை நிறுத்தி, அடுத்த மாவட்டத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கேயும் ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்தாளாம். பால் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டாள். எடை குறைந்தது. கழுத்துத் தோல் தொங்கியது.

ஒருநாள் என் வீட்டு மேசையில் காப்பியை வெறித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் அப்படிப்பட்டவளா, ஐரிஸ்? நீ சொல்லு."

இவளை இழந்தால் இந்தத் தெருவில் எனக்கும் ஆளில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"என்கிட்ட நீ ஒருநாளும் அட்டை கேட்டதில்ல, வெர்னா."

"உன்னை எனக்குத் தெரியுமே."

"மொத நாள் தெரியாதே. புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தேன். 'வாங்க, தண்ணி நல்லா இருக்கு'ன்னு சொன்னே."

அவள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் பல நாட்கள் சத்தமே இல்லை. ஜன்னல் பட்டைகள் மட்டும் விலகி விலகி மூடின. பிறகு ஒருநாள் வந்து, உட்காராமலே சொன்னாள். "வேற யார்கிட்டயும் கேட்ட ஞாபகம் இருக்கான்னு யோசிச்சேன். வரல."

அவளே கார்லிடம் கேட்டுத்தான் லமாரோடு அந்தச் சந்திப்பு நடந்தது. தலைவர் பதவி இப்போது கார்லுடையது. குளத்தின் கொட்டகையில் நான்கைந்து நாற்காலிகள். லமார் தனியாக வந்தார். வெர்னா எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை என்னிடம் காரிலேயே ஒப்பித்திருந்தாள். அங்கே போனதும் அது வரவில்லை.

"எனக்கும் அன்னிக்குப் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

லமார் அவளை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"எதைப் பார்த்துங்க? நான் கையில வாத்து வெச்சிருந்தேன்."

கார்ல் தரையைப் பார்த்தார்.

"நான் சொல்றேன், என் பயம் என்னன்னு. அந்தப் பையன் துப்பாக்கி மேல கைய வெச்சிட்டு வர்றான். என் பொண்ணு என் பேன்ட் பைக்குள்ள கைய விடறா. அதுல அவ மிட்டாய் இருக்கு. 'பைக்குள்ள கைய விடாதடி'ன்னு சொல்லணும். சத்தமா சொன்னா அவனுக்குப் பதட்டம் ஆகும். மெதுவா சொன்னா அவளுக்குக் கேக்காது. அவ்வளவுதான் அன்னிக்கு எனக்கு ஓடிட்டு இருந்துச்சு. நீங்க யாரு, என்ன ரூலு, ஒண்ணும் இல்ல."

அவர் நிறுத்தி, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பல்லாம் போலீஸ் கார் பக்கத்துல வந்தா சீட்டை விட்டுக் கீழே சரிஞ்சு உக்காந்துக்கறா. குளிக்கற தொட்டியில தண்ணி நிறைச்சாக்கூட அழறா."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் வெர்னா. யாருக்கோ சொல்வதுபோல.

"கேட்டுக்கிட்டேன், மேடம்" என்றார் லமார். எழுந்தார். அவள் நீட்டிய கையைத் தொட்டுவிட்டு, கார்லுக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. திரும்பும் வழியில் வெர்னா அதைப் பற்றி எதுவும் கேட்கவுமில்லை. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் கார் நின்றது. பின்னால் ஒருவர் ஒலி எழுப்ப, அவள் தோள்கள் துள்ளின.

அதன் பிறகு கொஞ்சம் தெளிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தொலைபேசி அழைப்புகள் குறைந்திருந்தன. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். போன வியாழன் மாலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, அவள் வீட்டில் இருவரும் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இயந்திரம் அணையவில்லை.

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். பட்டைகளை விலக்கினாள். அவள் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். உயரமான கறுப்பு இளைஞன் ஒருவன் இறங்கி, கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தான், வீட்டு எண்ணைப் பார்த்தான், மறுபடி தொலைபேசியைப் பார்த்தான். காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து எதையோ எடுத்தான். அவன் முதுகு மறைத்ததில் அது என்னவென்று தெரியவில்லை.

"அவங்கதான்" என்றாள் வெர்னா. "அந்தப் போன் குரல்காரங்க."

"எவனாவது எதாவது கொண்டாந்து குடுக்கறவனா இருக்கும்."

"நான் எதுவும் வாங்கல."

எனக்கும் பயம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் எப்போது தொலைபேசியை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. கட்டைவிரல் ஒன்பதை அழுத்தியது, ஒன்றை அழுத்தியது. படிகளில் காலடி ஏறியது. அழைப்பு மணி அடித்தது.

போலீஸை அழைக்க இன்னொரு ஒன்றுதான் பாக்கி. விரல் அதன்மேல் நின்றது. வெர்னா கதவைப் பார்த்தாள், பிறகு தன் விரலைப் பார்த்தாள். வெளியே அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அவள் என்னிடம் வந்து தொலைபேசியை என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி, தன் இரு கைகளாலும் அந்த முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.