எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் பழசா புதுசா

மலை மேலே என் கையால் ஆனதை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குட்டைப் பக்கம் பாறை உடைத்துச் சமம் பண்ணிய களம். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினும் அதற்கு ஒரு தகரக் கொட்டகையும். இது உனக்கெதற்கு என்று ஊரே கேட்டும் கேளாமல் வாங்கிப் போட்ட எடைமேடை. அதற்குக் கம்ப்யூட்டர் மாட்டியது எங்கள் வட்டாரத்தில் நான்தான் முதலில். அப்பாவும் அம்மாவும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்து எஸ்டேட்டில் பழம் பறித்தவர்கள். நான் நாலாம் வகுப்பு. யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சேலத்தில் ஒரு ஆபீஸை மூடியபோது கிடைத்தது. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு அத்தனையும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். உள்ளே விண்டோஸ் ஏழு இருந்தது. எடைமேடையிலிருந்து ஒரு தடித்த வயர் அதற்குப் போகும். மூட்டையை வைத்தால் எடை தானாக உள்ளே போய்ச் சீட்டாக வெளியே வரும். நடுவில் யார் கையும் படாது. கணக்கெழுதுகிற ரைட்டர் கையால் எடை எழுதின காலத்தில் மூட்டைக்கு ஒரு சண்டை. சீட்டு வந்தபிறகு சண்டை நின்றது. மலை விவசாயிகள் என் கொட்டகையை நம்பி வந்தார்கள். பழம் பறித்த அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். அதனால் சீட்டு நின்றால் எவரும் காத்திருக்க மாட்டார்கள். ஒருதரம் வேறு கொட்டகைக்குப் போனவர்களை மறுபடி இந்தப் பக்கம் திருப்புவது லேசில்லை.

போன சீசன் தொடங்குகிற சமயம், கணக்கு வழக்குப் பார்க்கிற என் மருமகள் வந்து நின்றாள்.

"மாமா, கெவர்மெண்டுக்கு பில் ஏத்துற வெப்சைட்டு இந்தப் பழசுல தொறக்கவே மாட்டேங்குதுங்க. புதுசு போட்டுரலாம்ங்க."

"புதுசு போட்டா வயசு கொறஞ்சிருமா கண்ணு?"

"உங்களுக்குக் கொறையாதுங்க மாமா. கம்ப்யூட்டருக்குத்தான் கேக்கறேன்."

சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "விண்டோஸ் பதினொண்ணு இதுல ஏறாதுங்கய்யா. பத்து ஏறும். ஆனா மெமரி கம்மி, கொஞ்சம் திணறும்ங்க" என்றார். ஓடுகிறதை எதற்குக் கலைக்க வேண்டும் என்றேன். என் பேச்சு எடுபடவில்லை. பத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து வினைதான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் டீ குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எடைமேடைக்கென்று இருந்த பழைய சாப்ட்வேர் பத்தில் ஓட மறுத்துவிட்டது. போதாததற்கு, உச்சி வேளையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. வெள்ளக்கடையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க, உங்க பெட்டி இன்னும் முழிக்கலீங்களா? இன்னுங் கொஞ்ச நேரம் போனா எங்க பழம் சாராயமாயிருமுங்க."

"முழிச்சிருமுங்க. செத்த இருங்க."

"முழிக்கட்டும், முழிக்கட்டும். அதுக்குள்ள நா ஊட்டுக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே விட்டார்கள். அன்றைக்கே மெக்கானிக்கை மறுபடி வரவழைத்து பழையபடி விண்டோஸ் ஏழு போடவைத்தேன். எடை வந்தது, சீட்டும் வந்தது. பார்த்தாயா என்று மருமகளைக் கேட்டேன். ஆனால் அடுத்த நாள் உச்சி வேளையில் அது மறுபடியும் அணைந்தது. இப்போது புதுசு மேல் பழி போட வழியில்லை.

மருமகள் கம்ப்யூட்டர் இருந்த மர அலமாரியைத் திறந்து கையை விட்டாள். விட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

எங்கள் மலையில் துணி அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது வழக்கம். பனிமூட்டக் காலத்தில் அந்தச் சூடு இல்லாவிட்டால் பட்டுச் சேலையும் பூஞ்சை பிடிக்கும். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதற்கும் ஒரு சின்ன பல்பு போட்டு வைத்திருந்தேன். அந்தச் சீசன் தொடங்கும் முன்னால் அது பீஸ் போனது. இப்போது கடையில் எல்லாம் எல்.இ.டி., அதில் சூடு கிடையாது. சேலத்தில் தேடி அலைந்ததில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்று அகப்பட்டது. மழையும் விட்டபாடில்லை, பெரிசாகவே இருக்கட்டும் என்று அதை மாட்டியிருந்தேன்.

"மாமா, இது துணி இல்லீங்க. இதுக்கு உள்ளயே சூடு நொம்ப இருக்குதுங்க, அதான் அணைஞ்சு போகுது."

"இத்தன மழைக்கும் பூஞ்சை புடிக்காம நின்னுச்சே, அது எதனால கண்ணு?"

"அதுவும் உங்க பல்பு போட்டதாலதாங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கம்ப்யூட்டர் ஓடும்போது பல்பை அணைப்பது, கொட்டகை பூட்டியபின் போடுவது என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் அது ஒருநாளும் தானாக அணையவில்லை.

ஆனால் பில் ஏற்றுகிற பாடு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எடைமேடையோடு சேர்த்துப் புதுசாக வாங்கலாம் என்றாள் மருமகள். வேண்டுமானால் பத்தையே இன்னொரு தரம் முயன்று பார்க்கலாம் என்றார் மெக்கானிக். நான் என் வண்டிகளை நினைத்துக்கொண்டேன். எஸ்டேட் தடத்துக்குப் பழைய ஜீப் வைத்திருக்கிறேன், சேலம் போய்வரப் புது வண்டி. ஜீப்பைச் சேலத்துக்கு விரட்டுவதில்லை, புது வண்டியைக் கல் தடத்தில் இறக்குவதில்லை. "பழசு எடை மட்டும் போடட்டும். அதுக்கு நெட் வயரே வேண்டாம், புடுங்கிருங்க. வெளி வேலைக்குப் புதுசா ஒரு லேப்டாப் வாங்கிக்க கண்ணு" என்றேன். மெக்கானிக்கும் அப்படியே செய்யலாம் என்று சொல்லிவிட்டார். சீசன் முடியும் மட்டும் ஒரு சீட்டும் தவறவில்லை. போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

இப்போது பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் வந்து பார்த்து அதே மாதிரி செய்கிறார்கள். விவசாயிகள் கூட்டத்தில் மருமகளை மேடையேற்றிப் பாராட்டினார்கள். பாராட்டட்டும், கெட்டிக்காரிதான், பல்பைக் கண்டுபிடித்தது அவள்தான். ஆனால் பழசையும் புதுசையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டச் சொன்னது நான். அதை அந்த மேடையில் ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு அதை எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.